வீட்டில் பொரிக்கும் நெத்திலி, இறால், கணவாய் ஏன் கடை மாதிரி வருவதில்லை?

கேள்வி இதுதான்: விருந்தினர் வரும்போது சாப்பாட்டுக்கு முன் வைக்க நெத்திலி, இறால், கணவாய் மூன்றையும் வீட்டிலேயே பொரித்தால், நெத்திலியின் மசாலா எண்ணெயில் கழன்று அடியில் கருகுகிறது, இறால் சுண்டிச் சுருள்கிறது, கணவாய் ரப்பராகிறது, தட்டில் வைத்த பத்து நிமிடத்தில் எல்லாம் நமத்துப் போகிறது. கடையில் கிடைக்கும் மொறுமொறுப்பு வீட்டில் ஏன் வருவதில்லை?

நான்கும் தனித்தனிக் குறைகளாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்: தண்ணீர். நெத்திலியிலும் இறாலிலும் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். கணவாயில் ஐந்தில் நான்கு பங்கு. இதற்கு மேல் அலசும்போது ஏறுவது, உப்பு போட்டதும் கசிவது, இஞ்சி பூண்டு விழுதோடு வருவது என்று இன்னும் சேர்கிறது. எந்த மசாலா, எந்த மாவு என்று தேடும் முன், எந்தத் தண்ணீரை விரட்ட வேண்டும், எதை உள்ளேயே நிறுத்த வேண்டும் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் 180 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அதில் விழுந்த இறாலின் மேல் ஈரம் 100 டிகிரியில் ஆவியாகிச் சீறிக்கொண்டு வெளியேறுகிறது. நாம் பார்க்கும் குமிழிகள் அந்த ஆவிதான். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய் உள்ளே நுழையாது, மேல் மாவும் காய்ந்து ஓடு போல இறுகும். ஈரம் மிஞ்சினால் ஓடு இறுகுவதற்கு முன்பே ஆவி அதைப் பிய்த்துக்கொண்டு போகும். வாணலியின் அடியில் கருகிக் கிடக்கும் மசாலா அப்படிக் கழன்றதுதான். எண்ணெய் போதுமான அளவு காயவில்லை என்றால் ஆவி சோம்பலாக வரும், ஓடு இறுகாது, மாவு எண்ணெய் குடிக்கும். எண்ணெயின் பெரும்பகுதி உள்ளே போவது வெளியே எடுத்த பிறகுதான் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டுக்குள் இருக்கும் ஆவி ஆறிச் சுருங்கும்போது மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சி இழுக்கிறது. எடுத்தவுடன், சூடு குறையும் முன், வாணலிக்கு மேலேயே ஜல்லிக்கரண்டியை இரண்டு மூன்று தடவை நன்றாக உதற வேண்டும் என்பது அதனால்தான்.

வாங்கும்போது

நெத்திலியில் வயிறு உடையாமல் இருக்க வேண்டும். வயிறு கிழிந்து குடல் வெளியே வந்திருந்தால் அது நேரம் கடந்த மீன். ஐஸ் இல்லாமல் வெயிலில் பரப்பி விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். நெத்திலி மாதிரி மீன்களில் சூடு ஏறினால் ஹிஸ்டமின் உருவாகும். அது பொரித்தாலும் போகாது. முகம் சிவந்து, தடித்து, தலைவலி வருவது இதனால்தான். மீன் கெட்டதாக வாடை வராமலே இது நடக்கலாம் என்பதால் மூக்கை மட்டும் நம்ப முடியாது.

இறாலில் தலை உடலோடு இறுக்கமாக இருக்க வேண்டும். தலை தொங்கி, கழுத்துப் பக்கம் கறுத்திருந்தால் பழையது. வனாமி என்ற வெளிநாட்டு இறால் வகையை வளர்க்க இந்தியாவில் 2009இல் அனுமதி கிடைத்த பிறகு வளர்ப்பு இறால் என்றாலே பெரும்பாலும் அதுதான். பொரிப்பதற்கு அது நன்றாகவே இருக்கும். கிலோவுக்கு 40 முதல் 50 வரை நிற்கும் அளவு போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் மாவு சிவப்பதற்குள் உள்ளே வேகாது. சிறிதாக இருந்தால் மாவு சிவப்பதற்குள் உள்ளே உலர்ந்துவிடும். தலையும் ஓடும் போனால் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் சதை மிஞ்சும். நால்வருக்கு அரைக் கிலோ சதை வேண்டுமென்றால் ஒரு கிலோ வாங்க வேண்டியிருக்கும்.

கணவாயில் இரண்டு வகை. ஊசிக் கணவாய் நீளமாக, உள்ளே கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய தண்டோடு இருக்கும். ஓட்டுக் கணவாய் அகலமாக, உள்ளே வெள்ளை ஓட்டோடு, தடித்த சதையோடு இருக்கும். சென்னை மீன் கடைகளில் கடம்பா என்று கேட்டாலும் புரியும். வளையம் வளையமாகப் பொரிக்க ஊசிக் கணவாய், உடல் மட்டும் 12 முதல் 15 செ.மீ. நீளம் இருப்பது சரி. சதை பால் வெள்ளையாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு ஓடியிருந்தால் விட்டுவிடுங்கள்.

தமிழக கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாட்களில் கிடைப்பதில் நிறைய ஐஸ் பெட்டியில் நாள்பட்டதாகவோ உறைய வைத்ததாகவோ இருக்கும். உறைந்த இறாலை வாங்கினால் சல்லடையில் வைத்து, கீழே ஒரு பாத்திரம் வைத்து, குளிர்பெட்டியில் ஓர் இரவு உருக விடுங்கள். தண்ணீரில் போட்டு உருக்கினால் குடித்த தண்ணீரையெல்லாம் எண்ணெயில்தான் கக்கும். மேல் ஐஸ் பூச்சும் எடையில் சேர்ந்திருக்கும் என்பதால் உருகிய பிறகு எடை போட்டு அதற்கேற்ப மசாலா போடுங்கள். சில பாக்கெட் இறால்களில் தண்ணீரைப் பிடித்துவைக்கப் பாஸ்பேட் சேர்த்திருப்பார்கள். லேபிளில் அது எழுதியிருந்தால் எவ்வளவு துடைத்தாலும் வாணலியில் தண்ணீர் விடும். பொரிக்க அது வேண்டாம், குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அலசுவது, உலர்த்துவது

பெரும்பாலான வீடுகளில் பொரியல் கெடுவது இந்த இடத்தில்தான். ஆய்ந்து முடித்த மீனைத் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்போம். தலையும் தோலும் போன சதை பஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும். கல் உப்பும் மஞ்சளும் போட்டு உரசி அலசுவதை முடிந்தவரை ஆய்வதற்கு முன்பே முடித்துவிட்டு, ஆய்ந்த பிறகு ஓடும் தண்ணீரில் ஒரே ஒரு தடவை வேகமாக அலசினால் போதும்.

பிறகு சல்லடையில் கொட்டிப் பத்து நிமிடம் சாய்த்து வையுங்கள். ஒரு பழைய வேட்டித் துணியையோ பருத்தித் துண்டையோ விரித்து, ஒன்றன் மேல் ஒன்று விழாமல் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு உள்ளங்கையால் அழுத்தி ஒற்றியெடுங்கள். துணியைத் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு இறாலுக்கும் கீழே ஈர வளைவு ஒன்று பதிந்திருக்கும். இடத்தை மாற்றி இன்னொரு தடவை ஒற்றுங்கள். விரலால் தொட்டால் வழுக்காமல் லேசாக ஒட்ட வேண்டும். நேரம் இருந்தால் மூடாமல் குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைக்கலாம், மேல் பக்கம் இன்னும் நன்றாக உலரும்.

மசாலாவும் மாவும்

சுத்தம் செய்து துடைத்த 500 கிராமுக்கு அளவு சொல்கிறேன். காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி நிறத்துக்கு, சாதாரண மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி காரத்துக்கு, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, புதிதாக இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி, தூள் உப்பு முக்கால் தேக்கரண்டி. நெத்திலிக்கு மட்டும் சோம்புத்தூள் அரைத் தேக்கரண்டி சேர்த்தால் வாடை அடங்கும். விழுதைத் தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். கடை விழுதாக இருந்தால் அதில் உப்பு இருக்கும் என்பதால் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காஷ்மீரி மிளகாய் போட்டால் கடைச் சிவப்பு வராதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தச் சிவப்பு பல கடைகளில் பொடி நிறம். 2024 ஜூனில் கர்நாடக அரசு கோழி, மீன் கபாப்களில் செயற்கை நிறம் சேர்ப்பதையே தடை செய்தது. வீட்டில் அதற்கு எந்தத் தேவையும் இல்லை.

மணிக்கணக்கில் ஊற வைப்பது ஆட்டுக்கறிக்குப் பொருந்தும், கடல் உணவுக்குப் பொருந்தாது. எலுமிச்சைப் புளிப்பு இறாலின் மேல் சதையை நெருப்பில்லாமலே வேக வைத்துவிடும். அரை மணி தாண்டினால் மேலே வெளுத்து, பொரித்ததும் மாவு மாவாக இருக்கும். உப்பு உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். ஆகவே உப்பும் புளிப்பும் இல்லாமல் மற்றவற்றைப் பிசறி 20 நிமிடம் வையுங்கள். எண்ணெயை அடுப்பில் வைக்கும்போது உப்பையும் சாற்றையும் சேர்த்து, உடனே மாவையும் போட்டுப் பிசறுங்கள். கசியும் கொஞ்சத் தண்ணீரை மாவே பிடித்துக்கொள்ளும். தயிர் வேண்டாம்.

மாவுக்கு அரிசி மாவு 3 மேசைக்கரண்டி, சோள மாவு 2 மேசைக்கரண்டி. இங்கே சோள மாவு என்பது பாக்கெட்டில் கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை மாவு. மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவு வேறு, அது இதற்கு உதவாது. அரிசி மாவு மொறுமொறுப்பையும் கடிக்கும்போது எழும் சத்தத்தையும் தரும். சோள மாவு மெல்லிய ஓடாக இறுகும். இவை இரண்டிலும் பசைத்தன்மை குறைவு. ஒட்டுவதற்கு ஒரு முட்டையின் வெள்ளைக் கரு, அல்லது 1 மேசைக்கரண்டி மைதா, ஏதாவது ஒன்று போதும். கடலை மாவை அரை மேசைக்கரண்டிக்கு மேல் சேர்க்காதீர்கள். அது சீக்கிரம் சிவந்து ஏமாற்றும், ஆறியதும் மெத்தென்று ஆகிவிடும். பஜ்ஜிக்கு அது சரி.

மாவு கலந்ததும் மீனின் மேல் ஈரக் களிம்பு மாதிரி ஒட்டியிருக்க வேண்டும். பாத்திரத்தின் அடியில் கரைசல் தேங்கி நின்றால் தண்ணீர் அதிகம், ஒரு கரண்டி அரிசி மாவு தூவுங்கள். வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அரைத் தேக்கரண்டி தண்ணீர் தெளியுங்கள். இப்படியே ஐந்து நிமிடம் விட்டால் மாவு ஈரத்தைக் குடித்துச் சதையோடு பிடித்துக்கொள்ளும். மிளகாய்த்தூளை மேல் தூவும் உலர் மாவில் மட்டும் கலக்காதீர்கள். சதையோடு ஒட்டாத மிளகாய்த்தூள் எண்ணெயில் உதிர்ந்து நொடியில் கறுக்கும், அடுத்த ஈடு முழுக்கக் கசக்கும்.

எண்ணெய்

சுத்திகரித்த கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய். மரச்செக்கு எண்ணெயின் மணம் அருமைதான், ஆனால் அது சீக்கிரம் புகையும், ஆழப் பொரிக்கும்போது நுரை கட்டும். மணம் வேண்டுமென்றால் செக்கு எண்ணெயில் தோசைக்கல்லில் வஞ்சரம் வறுத்துக்கொள்ளுங்கள்.

20 செ.மீ. அகல இரும்பு வாணலிக்கு அரை லிட்டர் போதும். வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் நிற்கக் கூடாது. இந்த அளவுக்கு ஓர் ஈட்டுக்கு 100 கிராம், மிஞ்சினால் 120 கிராம். அதுவே எண்ணெயின் சூட்டை 20 டிகிரிக்கு மேல் இறக்கும். அரைக் கிலோவையும் ஒரேயடியாகக் கொட்டினால் எண்ணெய் பொரிக்காது, அவிக்கும். கடைக்கும் வீட்டுக்கும் இருக்கும் உண்மையான வித்தியாசம் இதுதான்: அங்கே பல லிட்டர் எண்ணெயும் பெரிய அடுப்பும் இருப்பதால் சூடு இறங்குவதில்லை. நாம் அந்தக் குறையைச் சின்னச் சின்ன ஈடாகப் போட்டுத்தான் சரிக்கட்ட முடியும்.

உணவு வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். இல்லையென்றால் ஒட்டியிருக்கும் மாவில் மிளகளவு கிள்ளிப் போட்டுப் பாருங்கள். அடியிலேயே கிடந்து மெல்ல எழுந்தால் காயவில்லை. அடி தொட்டு இரண்டு மூன்று நொடியில் மேலே வந்து சீறினால் 175 முதல் 180க்குள் இருக்கிறது. அடிக்குப் போகாமல் மேலேயே மிதந்து நிறம் மாறினால் அதிகம், அடுப்பைக் குறைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவே, உதிர்ந்த மாவை மெல்லிய வடிகட்டியால் அள்ளிவிட்டு, சூடு மறுபடி ஏறும் வரை காத்திருங்கள். முதல் ஈடு நன்றாக வந்து மூன்றாவது ஈடு எண்ணெய் குடித்தால், பொறுக்காமல் போட்டதுதான் காரணம்.

நெத்திலி

விரல் நீளமுள்ளது ஆய்வதற்கு எளிது. தலையைக் கட்டை விரல் நகத்தால் கிள்ளி, வயிற்றுப் பக்கமாகக் கீழே இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். நடுமுள்ளை எடுக்க வேண்டாம், பொரிந்தால் மென்று தின்னலாம். முட்டை சேர்க்காமல் அரிசி மாவும் சோள மாவும் மட்டும் போட்டால் தனித்தனியாக நிற்கும்.

நெத்திலிக்கு இரட்டைப் பொரிப்பு அழகாகப் பொருந்தும். முதலில் 160 டிகிரியில் 2 நிமிடம். போட்டதும் கரண்டியால் கிளறாதீர்கள், ஓடு இறுக 30 நொடி கொடுங்கள். அதன் பிறகு ஒட்டியிருப்பவற்றை மெதுவாகப் பிரித்துவிடலாம். எடுத்துக் கம்பி வலையில் பரப்பி 5 முதல் 10 நிமிடம் ஆற விடுங்கள். உள்ளிருக்கும் ஈரம் இந்த இடைவெளியில் ஓட்டுக்கு வந்து சேரும். பிறகு 190 டிகிரியில் 30 முதல் 40 நொடி, அந்த ஈரம் முழுக்க விரட்டப்படும். இப்படிப் பொரித்த நெத்திலி அரை மணி ஆனாலும் நமக்காது. தட்டில் கொட்டினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் இன்னும் 15 நொடி போடுங்கள்.

இறால்

முதுகைக் கத்தி நுனியால் ஆழமில்லாமல் கீறினால் கறுப்பு நரம்பு தெரியும். நரம்பு என்று சொல்கிறோமே தவிர அது குடல். உள்ளே மண் இருக்கும். ஊசியால் தூக்கி இழுத்துவிடுங்கள். வாலை விட்டுவைத்துப் பொரிப்பதானால் ஒரு வேலை அவசியம். வால் இதழ்களுக்குள் தண்ணீர் அடைபட்டுக் கிடக்கும். நுனியைச் சாய்வாகக் கத்தரித்து, கத்தி முதுகால் அழுத்தி நுனி நோக்கி வழித்தால் கறுப்பான தண்ணீர் ஒரு சொட்டு வெளியே வரும். அதை விட்டுவிட்டால் எண்ணெய் தெறிப்பது உறுதி. சுருளாமல் நேராக நிற்க வேண்டுமென்றால் வயிற்றுப் பக்கம் குறுக்கே மூன்று நான்கு சிறு கீறல் போட்டு, பலகையில் வைத்து விரலால் மெல்ல அழுத்துங்கள். இழை அறுபடும் மெல்லிய உணர்வு விரலில் தெரியும்.

துடைப்பதற்கு முன் அரைக் கிலோ இறாலுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அரைத் தேக்கரண்டி உப்பும் பிசறிக் குளிர்பெட்டியில் 15 நிமிடம் வைத்து, அலசித் துடைத்தால் சதை தண்ணீரைப் பிடித்துவைத்து நறுக்கென்று கடிபடும். அப்படிச் செய்தால் மசாலாவில் உப்பைப் பாதியாக்குங்கள். சோடா அதிகமானால் சோப்பு வாடை வரும்.

180 டிகிரியில் ஒன்றரை முதல் 2 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். கீறாத இறால் வளைந்து அரைவட்டமாக நிற்கும்போது வெந்துவிட்டது. வாலும் தலைப்பக்கமும் ஒட்டி முழு வட்டமானால் தாண்டிவிட்டது. மாவு இன்னும் சிவக்கவில்லையே என்று தொடர்ந்து விடாதீர்கள். எண்ணெய் சூடு போதவில்லை என்று அதற்கு அர்த்தம். அடுத்த ஈட்டுக்குச் சூட்டை ஏற்றுங்கள்.

கணவாய்

தலையைப் பிடித்து மெல்ல இழுத்தால் குடலும் மைப்பையும் சேர்ந்து வரும். உள்ளே விரல் விட்டுக் கண்ணாடித் தண்டை உருவி, கரும்புள்ளித் தோலை உரித்துவிடுங்கள். தோல் இருந்தால் சுருங்கி மாவைத் தள்ளிவிடும். கண்ணுக்குக் கீழே வெட்டிக் கால்களைத் தனியாக எடுத்து, நடுவில் இருக்கும் கிளி மூக்கு போன்ற கடினமான பல்லைப் பிதுக்கி எறியுங்கள். உடலை 1 செ.மீ. வளையமாக நறுக்குங்கள். அரை செ.மீ. என்றால் உலர்ந்துவிடும்.

ரப்பராவது ஏன்? கணவாய் இழைகளைச் சுற்றிக் கொலாஜன் என்ற புரதத்தாலான வலை பின்னியிருக்கிறது. சூடு பட்டதும் அந்த வலை சுருங்கி இழைகளைப் பிழிந்து தண்ணீரை வெளியேற்றுகிறது. அந்த வலை இளகிக் கூழாக அரை மணிக்கு மேல் ஆகும். அதனால் கணவாய்க்கு இரண்டே வழி: ஒன்றரை நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அல்லது குழம்பில் முக்கால் மணி கொதிக்க விட வேண்டும். நடுவில் இருக்கும் 5 நிமிடம், 10 நிமிடம் எல்லாம் ரப்பர்தான். “இன்னும் கொஞ்சம் வேகட்டும்” என்று விடுவதுதான் அதைக் கெடுக்கிறது.

மேலே சொன்ன சோடா முறை கணவாய்க்கும் உதவும், 20 நிமிடம் போதும். சிலர் பப்பாளிக்காய் அரைத்துத் தடவுவார்கள். பத்து நிமிடம் தவறினால் மேல் சதை குழைந்துவிடும் என்பதால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மசாலா, வெள்ளைக் கரு, 2 மேசைக்கரண்டி மாவு மட்டும் போட்டுப் பிசறி, எண்ணெயில் போடும் நேரத்தில் அரிசி மாவும் சோள மாவும் சரிபாதி கலந்த உலர் மாவில் புரட்டி, சல்லடையில் குலுக்கி உதிரியைத் தள்ளிவிட்டு உடனே பொரியுங்கள். புரட்டிய பிறகு காத்திருந்தால் மாவு நனைந்து பிசுபிசுக்கும்.

185 டிகிரி, 60 முதல் 90 நொடி. கடிகாரத்தைப் பார்த்தே எடுங்கள். நெத்திலிக்குச் சலசலப்பு அடங்கும் வரை காத்திருக்கலாம், கணவாய்க்கு அப்படிக் காத்திருந்தால் உள் ஈரம் தீர்ந்துவிட்டது என்று பொருள். சத்தம் பலமாக இருக்கும்போதே, மாவு இளம்பொன் நிறத்தில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். இதற்கு இரட்டைப் பொரிப்பும் கூடாது.

கால்களைக் கடைசி ஈடாகப் போடுங்கள். உறிஞ்சிகளுக்குள் தண்ணீர் தங்கும், எவ்வளவு துடைத்தாலும் வெடிக்கும். வாணலியின் மேல் தெறிப்பு வலை அல்லது கவிழ்த்த சல்லடை பிடித்துக்கொள்ளுங்கள். கெட்டியான மூடி போட்டால் ஆவி தண்ணீராகி எண்ணெயில் சொட்டும்.

இலங்கையில் சீன உணவகங்கள் வழியாகப் பிரபலமான ஹாட் பட்டர் கணவாய் இதே அடிப்படையில்தான் நிற்கிறது. மிளகாய் மசாலா இல்லாமல் உப்பு, மிளகு, முட்டை, சோள மாவு, மைதா போட்டுப் பொரித்து, தனிச் சட்டியில் 2 மேசைக்கரண்டி வெண்ணெயில் இடித்த காய்ந்த மிளகாய், பூண்டு, வெங்காயத்தாள், கறி மிளகாய் (காரம் குறைந்த பெரிய மிளகாய்) வதக்கி, கடைசியில் கணவாயைக் கொட்டி 20 நொடி புரட்டுவார்கள். புரட்டும்போது கணவாய் இன்னும் கொஞ்சம் வேகும் என்பதால் பொரிப்பதை 60 நொடியில் நிறுத்துங்கள்.

எடுத்த பிறகு

தினசரித்தாளோ டிஷ்யூவோ விரித்து அதன் மேல் குவிக்காதீர்கள். மேலே எண்ணெய் வடியும், கீழே ஆவி தேங்கி அடிப்பக்கம் நமக்கும். அச்சு மையும் ஒட்டும். கம்பி வலையை ஒரு தட்டின் மேல் வைத்து, ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். மூடி போட்ட பாத்திரத்தில் போட்டால் எத்தனை நுட்பமாகப் பொரித்திருந்தாலும் ஐந்து நிமிடத்தில் வீணாகும். எலுமிச்சையைத் துண்டாகப் பக்கத்தில் வையுங்கள், முன்கூட்டியே பிழிய வேண்டாம். கடைசியாக அதே எண்ணெயில் துடைத்து உலர்த்திய கறிவேப்பிலை இரண்டு கொத்தும் கீறிய பச்சை மிளகாய் நான்கும் 10 நொடி பொரித்து மேலே தூவலாம். கீறாத மிளகாய் வெடிக்கும்.

மூன்றையும் ஒரே மாலையில் வைப்பதானால் நெத்திலியின் முதல் பொரிப்பை ஆட்கள் வரும் முன் முடித்துவிடுங்கள். வந்து உட்கார்ந்ததும் இறால், அடுத்து கணவாய், கணவாயை அவர்கள் சூடாகத் தின்றுகொண்டிருக்கும்போதே நெத்திலியின் இரண்டாம் பொரிப்பு. கணவாய் ஆற ஆற இறுகும், அதைக் காக்க வைக்கக் கூடாது. இறால் ஒவ்வாமை உள்ளவர் யாராவது இருந்தால் இந்த வரிசை செல்லாது. அவருக்கான நெத்திலியைத் தனி எண்ணெயில், தனிக் கரண்டியில் பொரியுங்கள்.

ஏர் ஃப்ரையரில் செய்யலாமா என்பதும் அடிக்கடி வரும் சந்தேகம். நெத்திலி சுமாராக வரும்: எண்ணெய் பிசறி, 200 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம், நடுவில் ஒரு தடவை குலுக்க வேண்டும். கணவாயை அதில் வைக்காதீர்கள். மாவு சிவக்கும் நேரத்துக்குள் சதை ரப்பர் கட்டத்துக்குப் போய்விடும்.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, கனமான தட்டால் வாணலியை மூடிவிட்டு விலகி நில்லுங்கள். புகை வர ஆரம்பித்தாலே அடுப்பைக் குறைக்கும் பழக்கம் இருந்தால் அந்த நிலை வராது.

மீன் பொரித்த எண்ணெயை ஆறியதும் துணியில் வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் இன்னொரு தடவை மீனுக்கே பயன்படுத்தலாம். அப்பளத்துக்கும் பூரிக்கும் வாடை ஏறும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2018 ஜூலை முதல் பொரிக்கும் எண்ணெயில் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. அதை வீட்டில் அளக்க முடியாது. நிறம் கறுத்து, கரண்டியில் பிசுபிசுத்து, காயும்போதே நுரைத்தால் கொட்டிவிட வேண்டியதுதான், கழிவுநீர்க் குழாயில் ஊற்றாமல் பாட்டிலில் அடைத்து.

நெத்திலியும் இறாலும் மிஞ்சினால் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் காய்ந்த இருப்புச் சட்டியில் எண்ணெய் விடாமல், மிதமான தீயில் 3 நிமிடம் புரட்டுங்கள், ஓரளவு மொறுமொறுப்பு திரும்பும். கணவாய் மிஞ்சினால் சூடு பண்ணிப் பொரியலாக வைக்க முயலாதீர்கள். தேங்காய் அரைத்த குழம்பில் போட்டு, மென்மையாகும் வரை முக்கால் மணி கொதிக்க விடுங்கள்.